மெத்தை ஜெயித்த கதை

வருடத்துக்கு ஒருமுறையாவது ஏதாவது ஒரு சேனலில் அந்த நிகழ்ச்சி வந்துவிடும். எம்.எம்.ஏ. என்கிற கூண்டுச் சண்டையில், யாருமே நினைத்துப் பார்க்காத ஆள் ஜெயித்த சண்டைகளாகப் பொறுக்கியெடுத்து, பத்தாவது இடம், ஒன்பதாவது இடம் என்று மேளதாளத்தோடு காட்டுவார்கள். ஒரு பெரிய ஆள் காய்ச்சலோடு வந்து தோற்றிருப்பான். இன்னொருவன் எதிராளியைப் பார்த்து இளித்துக்கொண்டே கையைத் தொங்கவிட்டு நின்று தாடையில் வாங்கியிருப்பான். வேறொருவன் ஜெயித்துவிட்ட நினைப்பில் கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டும்போதே சாய்ந்திருப்பான். மூன்றாவது இடம் வருவதற்குள் என் மாப்பிள்ளை எழுந்துபோய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவ ஆரம்பித்துவிடுவார். மூன்றாவது இடம் அவருடையது.

நான் அவருடைய மாமியார். மருமகனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுகிற மாமியாரை யாரும் நம்ப மாட்டார்கள், தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். அன்றைக்குக் கூண்டுக்குள் இருந்த இரண்டு பேருமே இப்போது சண்டையை விட்டுவிட்டார்கள். "எழுதுங்கம்மா, இனிமே யாருக்கு என்ன" என்று அந்த இன்னொருவனும் சொல்லிவிட்டான்.

எனக்குத் தையல்கடை. வாய் கொஞ்சம் நீளம் என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். தையல் சுத்தம் என்று சொல்வதும் அவர்களேதான். என் மகள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டரில் உட்காருகிறாள். கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று அவள் வந்து நின்றபோது, "ஆள் என்னடி பண்றார்?" என்று கேட்டேன்.

"பகல்ல பீரோ தூக்குறாரும்மா. சாயங்காலம் அடி வாங்குறாரு."

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அச்சு அசல் உண்மை. வீடு மாற்றிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் அவருக்கு வேலை. ஃப்ரிட்ஜை முதுகில் சாத்தி, பட்டையை நெற்றிக்கும் தோளுக்குமாகப் போட்டு, நாலு மாடி ஏறிவிடுவார். கண்ணாடி வைத்த அலமாரியைப் போர்வையில் சுற்றி, குறுகலான படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரிலும் படாமல் கதவிலும் படாமல் கொண்டுபோய் இறக்குவார். சாயங்காலம் ஆனால் ஒரு பழைய டயர் கிடங்கின் மாடியில் இருந்த பயிற்சிக் கூடத்துக்குப் போவார். அங்கே அவருக்குப் பெயர் மெத்தை. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார்.

ஏன் மெத்தை என்றால், எல்லோரும் விழுவது அவர் மேல்தான். புதுப் பிடி ஒன்று கற்றுக்கொண்டு வந்தவன் முதலில் அவரைத்தான் பிடித்துப் பார்ப்பான். உதை பழகுகிறவன் அவர் தொடையில் பழகுவான். அவரும் கூண்டுக்குள் ஏழோ எட்டோ சண்டை போட்டிருந்தார். ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. "மாப்ள, தோக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு பயிற்சி? நேராப் போய்த் தோத்துட்டு வரலாமே" என்று நான் கேட்பேன். சிரிப்பாரே தவிரக் கோபப்பட மாட்டார். கோபப்படாத மனிதரைக் கிண்டல் செய்வதில் எனக்கும் ஒரு கட்டத்துக்கு மேல் ருசி போய்விட்டது.

கூடத்தில் அவர் மேல் அதிகம் விழுந்தவன் ஏணி. நெடுநெடுவென்று வளர்ந்தவன், கைகால் எல்லாம் முழ நீளம், அதனால் அந்தப் பெயர். வந்த புதிதில் தன் காலில் தானே தடுக்கி விழுவான் என்பார்கள். பன்னிரண்டு வருடம் மாப்பிள்ளையோடு மட்டும் உருண்டு உருண்டு, தன் எடைப் பிரிவில் சாம்பியன் ஆகிவிட்டான். பட்டம் வாங்கிய அன்று, சாம்பியனுக்குத் தரும் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். அதை மாப்பிள்ளை இடுப்பில் கட்டிவிட்டு, "அண்ணே, பாதி உங்களுது" என்றான். அது இடுப்புக்குப் பத்தவில்லை. நான் எலாஸ்டிக் வைத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

கூடத்தில் தரையில் போட்டிருந்த விரிப்புகளின் ரெக்ஸின் உறை அடிக்கடி தையல் விட்டுவிடும். வளைந்த ஊசியும் நைலான் நூலுமாக நான்தான் போய்த் தைத்துக் கொடுப்பேன். ஒரு மூலையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே இவர்கள் உருளுவதைப் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததில்தான் தட்டுவது என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். பிடி இறுகி இனித் தாங்காது என்றால் தட்ட வேண்டும். தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பிடித்தவன் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். மற்றவர்கள் எல்லாம் தரையில் பட்டுபட்டென்று அறைவார்கள். அந்தச் சத்தத்துக்குக் கூடமே திரும்பிப் பார்க்கும், பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் அங்கிருந்து கத்துவார், எல்லோருடைய பயிற்சியும் நின்றுபோகும். மாப்பிள்ளை ஒரு சாயங்காலத்தில் எத்தனையோ முறை தட்டுகிறவர். ஒவ்வொரு முறையும் கூடத்தை நிறுத்த அவருக்குக் கூச்சம். அதனால் பிடித்தவன் முதுகில் விரல் நுனியால் இரண்டே தட்டு, குழந்தையைத் தூங்கவைப்பது மாதிரி. அது பிடித்தவனுக்கு மட்டும்தான் தெரியும். ஏணியின் கை அதற்கு அப்படிப் பழகியிருந்தது. மாஸ்டரோடு பேசிக்கொண்டிருந்தாலும், வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாலும், முதுகில் அந்த இரண்டு தட்டு விழுந்ததும் கை தானாக அவிழ்ந்துவிடும்.

இனி அந்தச் சண்டை. ஏணி தன் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள வெளியூர்க்காரன் ஒருவனோடு மோத வேண்டியிருந்தது. சண்டைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஏணி என் கடையில் உட்கார்ந்திருந்தான், அவனுடைய கால்சட்டைக்கு நான் ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அப்போது அமைப்பாளரிடமிருந்து போன் வந்தது. வெளியூர்க்காரனுக்குக் கழுத்தெல்லாம் தோல் நோய், டாக்டர் அனுமதிக்கவில்லை. வேறு ஆள் கிடைக்காவிட்டால் சண்டை ரத்து. அந்த எடையில் இருந்த எல்லோருக்கும் போன் போனது. இரண்டு நாளில் சாம்பியனோடு மோத எவனும் தயாராக இல்லை, ஒருவனுக்கு முதுகு வலி, ஒருவனுக்குத் தங்கை கல்யாணம். மாதக்கணக்கில் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் பயிற்சி செய்த ஏணி, ஸ்டூலில் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம் மாப்பிள்ளை வேலை முடிந்து தோளில் பட்டையோடு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். கொஞ்ச நேரம் பட்டையைச் சுற்றிக்கொண்டே நின்றார்.

"நான் வரட்டுமா? எடை உன் அளவுதானே" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஏணி சிரிக்கவில்லை. "அண்ணே, உள்ள வந்தா நிஜமாத்தான் இருக்கும். என்னால நடிக்க முடியாது."

"நடிக்கறதுன்னா நான் எதுக்குடா வரணும்? சினிமாவுக்குப் போயிடுவேனே. எனக்கும் ஒரு தடவை பெரிய ஹால்ல ஏறணும்."

"அடி படும்ணே."

"இத்தனை நாளா என்ன பட்டுட்டு இருந்தேன், பூவா?"

மகள் வீட்டில் அதைக் கேட்டதும் ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். பிறகு, போய்ட்டு வாங்க, மூக்கை மட்டும் பத்திரமாகக் கொண்டுவாங்க என்றாள். அவருக்குக் கால்சட்டை இல்லை. ஒரே இரவில் தைத்தேன், ஏணிக்குத் தைத்த துணியில் மிச்சம் இருந்ததில்.

அந்த ஹாலை நான் அதுவரை வெளியில் இருந்துதான் பார்த்திருந்தேன். உள்ளே போனால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. மாஸ்டர் ஏணியின் பக்கம் இருந்தார், அது நியாயம்தான். மாப்பிள்ளையின் மூலையில் தண்ணீரும் ஐஸ் வாளியும் வைத்துக்கொண்டு நின்றவர்கள் அவரோடு வீட்டுச் சாமான் தூக்கும் இரண்டு பேர். அவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. பீரோ தூக்கும்போது சொல்வதையே அங்கேயும் கத்தினார்கள், "இடுப்பைக் குடுங்கண்ணே! இடுப்பைக் குடுங்க!" என்று. அறிவிப்பாளர் மாப்பிள்ளையின் சண்டைக் கணக்கை வாசித்ததும் ஹால் முழுக்கச் சிரித்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் சிரிக்கலாம், இவர்கள் யார் சிரிப்பதற்கு?

முதல் சுற்றில் ஏணி அவரைக் கூண்டைச் சுற்றி ஓட விட்டான். அந்த நீளக் கை எங்கிருந்தோ வந்து முகத்தில் பட்டது, புருவம் கிழிந்தது. மகள் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். இரண்டாவது சுற்றில் ஏணி அவரை வாரிக் கீழே போட்டு மேலே படுத்தான். கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து நெருக்கும் பிடி அது, கூடத்தில் நூறு முறை பார்த்திருக்கிறேன். மாட்டினவனுடைய வலது கை கழுத்தோடு சிக்கிக்கொள்ளும். இடது கை மட்டும் பிடித்தவனுடைய முதுகுப் பக்கம் கிடக்கும். மாப்பிள்ளையின் முகம் கறுத்துச் சிவந்தது. நடுவர் தலைப்பக்கமாகக் குனிந்து கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது, மூக்கு தப்பித்தது என்று நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போது ஏணி கையைத் தளர்த்தினான். தளர்த்தி, மண்டிபோட்டு எழுந்து, நடுவரைத் திரும்பிப் பார்த்தான். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. நடுவர் சண்டையை நிறுத்தவில்லை. கீழே கிடந்த மாப்பிள்ளை ஒரு மூச்சு இழுத்தார், புரண்டு எழுந்தார், எழுந்த வேகத்தில் முழங்கையை வீசினார். அது ஏணியின் தாடையில் இறங்கியது. அந்த நெடிய உடம்பு அப்படியே மல்லாந்து விழுந்தது. நடுவர் பாய்ந்து குறுக்கே விழுந்தார்.

ஹாலின் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. வாளி பிடித்தவன் ஐஸைத் தன் தலையில் தானே கொட்டிக்கொண்டான். நான் நாற்காலி மேல் ஏறி நின்று என்னென்னவோ கத்தினேன், என்ன கத்தினேன் என்று இன்றுவரை மகள் சொல்ல மறுக்கிறாள். மாப்பிள்ளை மட்டும் கையைத் தூக்கவில்லை, துள்ளவில்லை. ஏணியின் பக்கத்தில் மண்டிபோட்டு, அவன் கண் விழிக்கும் வரை அவன் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாப் பத்திரிகையிலும் வந்தது அந்தப் படம்தான். எதிராளியை மதிக்கும் வீரன் என்று கீழே போட்டிருந்தார்கள்.

மறுநாள் மதியம் தட்டைப் போட்டு உட்காரவைத்தோம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய்கூட எடுக்கவில்லை. புருவத்தில் தையல் வலிக்கிறதாக்கும் என்று நினைத்தேன். டாக்டர் போட்ட தையல், எட்ட எட்டப் போட்டிருந்தார்.

"அத்தை, நான் தோத்துட்டேன்" என்றார்.

"பாவி மனுஷா, ஊரே ஜெயிச்சீங்கன்னுது."

"தட்டினேன். ரெண்டு தட்டு, அவன் முதுகுல. எப்பவும் தட்டற மாதிரி. அதுக்குத்தான் அவன் விட்டான்."

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். எனக்கு விஷயம் புரிய ஒரு கணம் பிடித்தது. அப்புறம் எல்லாமே புரிந்தது. ஏணியின் கை ஏன் தளர்ந்தது, ஏன் திரும்பி நடுவரைப் பார்த்தான், எல்லாம். கூண்டுக்குள் இருக்கிறோம் என்பதே அந்தக் கைக்கு மறந்துவிட்டது. வேறு எவன் முதுகில் தட்டியிருந்தாலும் அவன் விட்டிருக்க மாட்டான். நடுவர் வந்து தொடும் வரை விடாதே என்பதுதான் அங்கே முதல் பாடம்.

"அப்புறம் ஏன் அடிச்சீங்க?" என்று மகள் கேட்டாள்.

"மூச்சு வந்துச்சு. தாடை தெரிஞ்சுது. கை போயிடுச்சு." தட்டைத் தள்ளிவைத்தார். "தட்டினதும் நான்தான். அடிச்சதும் நான்தான். வேற யாரையாவது காரணம் சொல்லலாம்னா ஒருத்தரும் கிடைக்க மாட்டேங்கறாங்க."

நான் சும்மா இருக்கவில்லை. நடுவர் பார்க்கவில்லை என்றால் தட்டவில்லை என்றுதான் கணக்கு, இத்தனை வருடம் வாங்கின அடிக்கு ஒரு நாள் கிடைத்தது, பேசாமல் சாப்பிடுங்கள் என்று அதட்டினேன். உண்மையைச் சொன்னால், காலையில் கடை திறந்ததிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் அவர் பெருமையைத்தான் அளந்துகொண்டிருந்தேன். அதை என் கையிலிருந்து பிடுங்குகிறாரே என்று எனக்கு அழுகையே வந்தது. அவர் கேட்கவில்லை. அவ்வளவு சாதுவான மனிதருக்கு இவ்வளவு பிடிவாதம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

நேராக மாஸ்டரிடம் போனார். "நடுவர் நிறுத்தல. முடிஞ்சுது. வாயைத் திறக்காதே" என்றார் மாஸ்டர். நடுவர் வீட்டுக்கே போனார். அவர் நல்ல மனிதர், உட்காரவைத்து வீடியோவைப் போட்டுக் காட்டினார். எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் அந்த இடது கையைக் கூண்டின் கம்பம் மறைத்தது, அல்லது ஏணியின் தோளே மறைத்தது. "நீங்க சொன்னா போதாதுங்க. எதிராளி எழுதிக் கொடுத்தா மேலே அனுப்பலாம். அவர் ஒண்ணும் சொல்லலையே" என்றாராம். ஒரு சேனலில் நேரலைக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயும் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் தட்டிட்டேன், ஜெயிச்சது அவன்தான்" என்றார். அந்த அறிவிப்பாளர் பெண் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "என்ன ஒரு அடக்கம் பாருங்க நேயர்களே!" என்றாள். அரங்கத்தில் கைதட்டினார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

சொல்லச் சொல்ல அவர் பெருமை ஏறிக்கொண்டே போனது. வேலை பார்க்கிற நிறுவனத்தின் லாரியில் அவர் படத்தை ஒட்டினார்கள். பீரோ இறக்கப் போன வீடுகளில் பீரோவை விட்டுவிட்டு அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஏணியை அதே அளவுக்கு நாறடித்தார்கள். மெத்தையைப் பார்த்ததும் சாம்பியனுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று போன் போனாகச் சிரிப்பு ஓடியது. அதை ஒருவன் மாப்பிள்ளையிடமே காட்டினான். அன்றைக்குத்தான் அவர் கோபப்பட்டு நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஏணி கூடத்துக்கு வரவில்லை. போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால், ஊருக்குப் போயிருக்கிறான் என்று அவன் அண்ணி வாசலிலேயே சொல்லி அனுப்பினாள். உள்ளே அவன் செருப்பு கிடந்தது. மாப்பிள்ளை இரண்டு தடவை போய் அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு வந்தார். "அவன் என்னை வெறுத்துட்டான் அத்தை. விட்டவனை அடிச்சவன்கூட எவன் உருளுவான்?" என்றார். பட்டம் போவது வருவது எல்லாம் அவருக்குப் பொருட்டாக இல்லை. பன்னிரண்டு வருடம் தான் கழுத்தை நம்பிக் கொடுத்த ஒருவன், இனித் தன் பக்கம் திரும்ப மாட்டான் என்பதுதான் அவரை அரித்தது. சாப்பாடு குறைந்தது. கன்னம் ஒட்டிப்போனது.

ஒரு வாரம் கழித்து அமைப்பாளர்கள் ஏணியை நிருபர்கள் முன்னால் உட்காரவைத்தார்கள். கடையில் இருந்த சின்ன டிவியில் நாங்கள் மூவரும் பார்த்தோம். ஒரு நிருபர் கேட்டேவிட்டார், "அவர் தட்டினதா அவரே சொல்றாரு. நீங்க அதனாலதான் பிடியை விட்டீங்களா?"

மாப்பிள்ளை டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். இந்த ஒரு வாய் திறந்தால் போதும் அவருக்கு.

ஏணி மைக்கைச் சரிசெய்தான். "இல்லீங்க. அண்ணன் தட்டல. என் கை தளர்ந்துடுச்சு. அவர் அடிச்சாரு, நான் விழுந்தேன். சுத்தமான ஜெயம்."

"பொய்!" என்று மாப்பிள்ளை டிவியைப் பார்த்துக் கத்தினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பொய் சொல்றான் அத்தை, வாய் கூசாம பொய் சொல்றான்!" வெறும் காலோடு வாசல் வரை போய்விட்டார். அப்புறம் திரும்பி வந்து தையல் மெஷினில் தலையைச் சாய்த்துக்கொண்டார். மகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை தைத்து முடித்த விரிப்பு உறைகளைக் கொடுக்கக் கூடத்துக்குக் கிளம்பினேன். மூட்டை பெரிதாக இருந்ததால் மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு கூட வந்தார். அந்த நேரத்தில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். மாடி ஏறினால் ஏணி நின்றுகொண்டிருந்தான். தன் அலமாரியைக் காலிசெய்து துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான், அந்த வழியாகக் குதித்துவிடலாமா என்பது மாதிரி.

மாப்பிள்ளை மூட்டையைப் பொத்தென்று போட்டார். "எங்கடா போற?"

"வேற கூடத்துக்குண்ணே."

"நான் வேணும்னா போறேன். இது உன் இடம். ஆனா போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போ. நான் தட்டினேனா இல்லையா?"

ஏணி என்னைப் பார்த்தான். நான் எனக்கென்ன என்று உறையைப் பிரித்துக்கொண்டிருந்தேன், காது மட்டும் அங்கேதான்.

"இதுக்குத்தாண்ணே உங்க கண்ணுல படாம இருந்தேன். டிவியில ஆயிரம் பேர் பாத்தாலும் பொய் சொல்லிடலாம். உங்க மூஞ்சிய பாத்து வராது."

"தட்டினேனா?"

"தட்டினீங்க" என்றான் ஏணி. "ரெண்டு தடவை. நான் விட்டுட்டேன்."

மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். ஆம்பிளை அழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இப்படி நிம்மதியாக அழுது பார்த்ததில்லை. ஒரு வாரமாக அத்தனை பேரிடமும் போய்க் கெஞ்சியது இந்த ஒரு வார்த்தைக்குத்தானே. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, கையில் இருந்த உறையே கண்ணுக்குத் தெரியவில்லை. ஏணியும் பையைப் போட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அப்புறம் ஏண்டா சொல்லல? சொல்லியிருந்தா பெல்ட் உன்கிட்ட திரும்பியிருக்கும். ஊர் சிரிப்பும் நின்னிருக்கும்."

"திரும்பியிருக்கும்ணே. அப்புறம் எல்லாரும் என்ன சொல்லுவாங்க? நடுவர் தொடறதுக்கு முன்னாடி விட்டது உன் முட்டாள்தனம், இனிமே யார் தட்டினாலும் விடாதேம்பாங்க. மாஸ்டரே அப்படித்தான் பழக்குவார். நானும் பழகிடுவேன்." தன் நீளக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தான். "பழகிட்டா, நாளைக்கு இங்கேயே ஒரு நாள் நீங்க தட்டுவீங்க. கை விடாது. என் கை இப்படியே இருந்துட்டுப் போகட்டும்ணே. பெல்ட் போனா இன்னொண்ணு அடிச்சு வாங்கிக்கறேன். நான் விட்டது தப்புன்னு ஊர் சொல்ற மாதிரி மட்டும் பண்ணிடாதீங்க. நீங்க தட்டினேன் தட்டினேன்னு சொல்லச் சொல்ல அதைத்தான் சொல்ல வைக்கிறீங்க."

மாப்பிள்ளை எழுந்து, ஏணியின் பையில் இருந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப வைத்தார். அன்று மதியம் வீட்டில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். நான் மூன்றாவது போடப் போனேன், போதும் அத்தை என்று கையை மறித்தார்.

ஏணி மறுவருடமே வேறொருவனை அடித்து ஒரு பட்டம் வாங்கினான். அவன் கூண்டை விட்டு இறங்கும் வரைக்கும் என் மாப்பிள்ளை தான் தோற்றதாக ஒரு ஆளிடம்கூட அப்புறம் சொல்லவில்லை. யாராவது வழியில் நிறுத்தி, அன்னைக்கு அடிச்சீங்களே ஒரு அடி என்று கையைக் குலுக்கினால், "நன்றிங்க" என்று வாங்கிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் அவர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். ஏணிக்காக அதையும் தூக்கினார்.